உப்பு வழியில் ஓர் ஊர்: வடருஷ்யாவின் கார்கோபொல் மாவட்டம்

ருஷ்ய தேசத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் மொஸ்கோ நகரத்தின் கோட்டை மதில்களையும், பீற்றர்ஸ்பேர்க் நகரத்தின் மாளிகைகளையும் பற்றியே பேசுவர். ஆனால், அப்பெருந்தேசத்தின் நிலப்பரப்பிற் பெரும்பகுதி காடும், வாவியும், சிற்றூர்களும் நிறைந்த நாட்டுப்புற மாவட்டங்களாகவே பிரிந்து கிடக்கின்றது. இத்தகைய மாவட்டத்தை ருஷ்யர் 'ரயோன்' என்று வழங்குவர். ஒரு ரயோனுக்கு ஒரு சிறு தலைநகரம் இருக்கும். அதனைச் சூழ நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் இருக்கும். அரசர்களின் வரலாற்றில் இவற்றுக்கு அதிக இடமில்லை. ஆயினும், மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எதனால் வளம் பெற்றனர், எதனால் அவ்வளத்தை இழந்தனர் என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு, இத்தகைய மாவட்டம் ஒன்றன் வரலாறு பேரரசின் வரலாற்றினும் அதிகம் கற்பிக்கும். வடருஷ்யாவில் உள்ள கார்கோபொல் மாவட்டம் அவ்வாறான ஒன்றாகும்.

ருஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியில், வடக்கே வெண்கடலை எல்லையாகக் கொண்டு பரந்து கிடப்பது ஆர்க்கேஞ்சல் மாகாணம். அதன் தென்மேற்கு மூலையிலே கார்கோபொல் மாவட்டம் அமைந்துள்ளது. மேற்கே கரேலியாவும் தெற்கே வோலொக்டா மாகாணமும் அதன் எல்லைகளாம். மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3,900 சதுர மைல். இதிற் பெரும்பகுதி பைன், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. காட்டினிடையே சதுப்பு நிலங்களும் எண்ணற்ற சிறு வாவிகளும் காணப்படுகின்றன.

இந்நிலப்பரப்பின் நடுவே லாச்சா என்னும் வாவி இருக்கின்றது. பரப்பில் ஏறத்தாழ 130 சதுர மைல் கொண்ட பெரிய வாவியாயினும், ஆழத்தில் அது மிகச் சிறியது. பெரும்பாலான இடங்களில் ஓராள் உயரத்துக்கு மேல் நீர் இராது. கரையோரங்களில் நாணலும் கோரையும் மண்டிக் கிடக்கும். நீர்ப்பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து தங்கும். தெற்கேயுள்ள வோஷே வாவியிலிருந்து ஸ்வித் என்னும் ஆறு புறப்பட்டு வந்து லாச்சாவிலே கலக்கின்றது. லாச்சாவின் வடமுனையிலிருந்து ஒனேகா என்னும் ஆறு பிறந்து, ஏறத்தாழ 260 மைல் தூரம் வடக்கு நோக்கி ஓடி வெண்கடலை அடைகின்றது. அவ்வாறு வாவியை விட்டுப் புறப்பட்டு இரண்டு மூன்று மைல் செல்லுமுன்னரே, அதன் இடக்கரையில் கார்கோபொல் நகரம் இருக்கின்றது. மாவட்டத்துக்குப் பெயர் தந்ததும், அதன் தலைநகராய் விளங்குவதும் இந்நகரமே.

இவ்விடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே அறுபத்தோராம் பாகையையும் கடந்து கிடப்பது. ஆகவே, கோடையிலும் மாரியிலும் பகற்பொழுதின் அளவு பெரிதும் வேறுபடுகின்றது. ஜூன் மாத நடுப்பகுதியிலே பகல் பத்தொன்பது மணி நேரம் நீடிக்கும்; எஞ்சிய பொழுதும் முற்றாய் இருளாது, வைகறை போன்ற மங்கலான வெளிச்சம் நிலவும். டிசம்பரிலோ பகற்பொழுது ஐந்தரை மணி நேரமே. குளிர்காலம் ஐந்து மாதத்துக்கும் மேல் நீடிக்கும்; ஆறும் வாவியும் உறைந்து கல்லாகும். இத்தகைய நிலத்திலே பயிர்செய்தல் எளிதன்று. ஆனால், கார்கோபொல் நகரைச் சூழ்ந்த மேட்டு நிலத்தில் மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் உண்டு. ஆதலினால் நீர் தேங்காது வடிந்து விடும். மண்ணின் புளிப்புந் தணிந்திருக்கும். சுற்றிலும் சதுப்பாய்க் கிடக்கும் காட்டின் நடுவே இப்பகுதி மட்டும் உலர்ந்து வளமாய் இருத்தலின், இதனைக் 'கார்கோபொல் உலர்நிலம்' என்றே நிலவியலார் குறிப்பிடுவர். றை, பார்லி, ஓட்ஸ் ஆகிய தானியங்களும், நூலுக்குரிய சணல்வகையும், பின்னாளில் உருளைக்கிழங்கும் இங்கே விளைந்தன. காட்டின் நடுவே மக்கள் நெருங்கிக் குடியேறியதற்கு இம்மண்ணே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் நீர்வழி. பண்டைக் காலத்தில் ருஷ்யாவின் வடக்கிலே தரைப்பாதை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இருக்கவில்லை. காட்டையும் சதுப்பையும் ஊடறுத்துச் செல்லும் ஆறுகளே பாதைகளாயின. ஓர் ஆற்றின் தலையிலிருந்து மற்றோர் ஆற்றின் தலைக்கு இடைப்பட்ட மேட்டிலே படகுகளைத் தரையில் இழுத்துச் செல்வர். இவ்வாறு தெற்கேயுள்ள வெள்ளை வாவிப் பகுதியிலிருந்து வோஷே, ஸ்வித், லாச்சா, ஒனேகா என்ற தொடர்வழியாக வெண்கடல் வரை செல்லக்கூடியதாய் இருந்தது. மென்மயிர்த் தோல் தேடி வந்த நொவ்கொரட் வணிகரும், புதிய நிலந்தேடி வந்த தென்னாட்டுக் குடியானவரும் இவ்வழியே வந்தனர். அவர்களுக்கு முன்னரே பின்னிய இனத்தைச் சேர்ந்த மக்கள் இங்கு வாழ்ந்திருந்தனர். லாச்சா, வோஷே முதலிய பெயர்கள் ருஷ்ய மொழிக்குரியன அல்ல. கார்கோபொல் என்ற பெயரையும் 'கரடிப் பக்கம்' என்னும் பொருள்படும் பின்னியச் சொற்களின் திரிபு என்று கூறுவோர் உளர்.

நகரம் 1146ஆம் ஆண்டிலே தோன்றியதென்பது மரபு. ஐயத்துக்கிடமின்றி வரலாற்றில் அது இடம்பெறுவது 1447ஆம் ஆண்டிலாகும். அக்காலத்திலே மொஸ்கோ அரசுரிமைக்காக ஒரு குடும்பத்தினரே தம்முட் போரிட்டனர். இரண்டாம் வசீலி என்னும் அரசரின் கண்களைக் குருடாக்கிய திமித்ரி ஷெம்யாகா என்பவர், பின்னர் தோல்வியுற்று, அவ்வரசரின் தாயையும் சிறைப்பிடித்துக்கொண்டு கார்கோபொலுக்கு ஓடிவந்து ஒதுங்கினார். எட்டாத தொலைவிலுள்ள ஊர் என்பதே அதற்குக் காரணம். இதே காரணத்தால் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் இவ்வூரின் பெயர் துயரத்தோடு பேசப்பட்டது. 1606ஆம் ஆண்டிலே எழுந்த பெருங் குடியானவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய இவான் பொலொத்நிக்கொவ், தோல்வியுற்றபின் இங்கே கொண்டுவரப்பட்டு, 1608ஆம் ஆண்டிலே கண்கள் குருடாக்கப்பட்டு நீரில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார்.

ஆனால், கார்கோபொலின் உண்மையான வாழ்வு அரசர் சண்டையிலன்று, உப்பிலேயே இருந்தது. வெண்கடற் கரையில் வாழ்ந்தோர் கடல்நீரையும் உவர்க்கிணற்று நீரையும் பெரிய இரும்புத் தட்டங்களில் இட்டு, விறகெரித்துக் காய்ச்சி உப்பெடுத்தனர். தெற்கேயுள்ள உள்நாட்டிலே உப்புக் கிடைப்பது அரிது. மீனையும் இறைச்சியையும் கோவாவையும் காளானையும் உப்பிட்டு வைத்தே நெடிய குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய மக்களுக்கு உப்பு உயிர்நாடி போன்றது. கடற்கரையிலிருந்து உப்பை வாங்கி, ஒனேகா ஆற்றின் வழியாகவும், ஆறு உறைந்த பின் பனியின் மேற் சறுக்குவண்டிகளிலும் கொண்டுவந்து, உள்நாட்டு வணிகர்க்கு விற்றவர்கள் கார்கோபொல் வணிகரே. கடலோரத்தாருக்கு வேண்டிய தானியத்தையும் அவர்களே மேலே கொண்டு சென்றனர். 16ஆம் நூற்றாண்டில் இவ்வியாபாரம் அரசனின் கட்டளையாற் பாதுகாக்கப்பட்டது. இலாபம் பெருகிய இடத்திலே வஞ்சகமும் புகுதல் இயல்பன்றோ? உப்பிலே வேறு பொருளைக் கலந்து விற்கின்றனர் என்று கார்கோபொல் வணிகர்மீது முறைப்பாடுகளும் எழுந்தன.

அக்காலத்திலே அவ்வூர் அடைந்திருந்த சிறப்புக்கு ஓர் அயலாரின் சான்று உண்டு. 1588ஆம் ஆண்டிலே இங்கிலாந்து அரசியின் தூதராய் மொஸ்கோவுக்குச் சென்ற ஜைல்ஸ் பிளெச்சர் என்பவர், 1591ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே ருஷ்யாவின் முதன்மையான நகரங்கள் பதினாறனைப் பெயர் கூறி எண்ணுகின்றார். மொஸ்கோ, நொவ்கொரட், ஸ்மொலென்ஸ்க், கசான் முதலிய பெயர்களோடு கார்கோபொலும் அவ்வரிசையிலே நிற்கின்றது. இன்று இப்பெயர்களை ஒன்றாக அடுக்குவோர் எவருமிலர்.

உப்புப் பணத்தால் எழுந்த கட்டடங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. நகரின் நடுவேயுள்ள கிறிஸ்து பிறப்புப் பேராலயம் 1562ஆம் ஆண்டிலே வெண்சுண்ணாம்புக் கல்லாற் கட்டப்பட்டது. மரத்தாலன்றிக் கல்லாற் கட்டுதல் வடநாட்டிலே அரிதாயிருந்த காலம் அது. நாலரை நூற்றாண்டாக அப்பேராலயம் தன் பாரத்தாற் சிறிது சிறிதாய் நிலத்துள் அமிழ்ந்து வந்துள்ளது. கீழ்வரிசைச் சாளரங்கள் இன்று தரையை ஒட்டிக் காணப்படுகின்றன. 1765ஆம் ஆண்டிலே நகரைப் பெருந்தீ ஒன்று அழித்தபோது சுவர்கள் வெடித்தன. அவை சரியாதிருக்கும்பொருட்டு மூலைகளிலே பருத்த முட்டுச்சுவர்கள் எழுப்பப்பட்டன. அத்தீயின் பின்னர், கத்தரீன் பேரரசியின் ஆட்சியிலே நகரம் நேரான தெருக்களோடு புதிதாய் அமைக்கப்பட்டது. 200 அடி உயரமான மணிக்கோபுரம் ஒன்றும் 1778ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. ருஷ்ய ஆலயங்களின் சிலுவை வழக்கமாய்க் கிழமேற்குத் திசையை ஒட்டி நிறுத்தப்படும். இக்கோபுரத்தின் சிலுவையோ பீற்றர்ஸ்பேர்க் செல்லும் பாதையை நோக்கித் திரும்பி நிற்கின்றது. பேரரசி அப்பாதை வழியே வருவார், வரும்போது சிலுவை அவரை எதிர்கொள்ளவேண்டும் என்று நகரத்தார் அவ்வாறு நிறுத்தினர் என்பது ஊர் வழக்கு. பேரரசி வரவேயில்லை.

உண்மையிலே, அக்காலத்துக்கு முன்னரே கார்கோபொலின் நற்காலம் முடிந்துவிட்டது. 1703ஆம் ஆண்டிலே மகா பீற்றர் பால்டிக் கடற்கரையிலே புதிய நகரத்தை நிறுவினார். வெளிநாட்டு வாணிகம் வெண்கடலை விட்டுப் பால்டிக் கடலுக்கு மாறும்படி அவர் கட்டளைகள் பிறப்பித்தார். வடக்கு நோக்கிச் சென்ற பாதைகள் வெறுமையாயின. தெற்கே வேறு இடங்களில் மலிவான உப்புக் கிடைக்கலாயிற்று. கார்கோபொல் பகுதியின் தச்சர்களும் கொல்லர்களும் அரசனின் கப்பற் கட்டுந்துறைகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். வணிகர்களுட் பலர் ஊரை விட்டு நீங்கினர். எஞ்சியவர்கள் அணிற்றோலைப் பதனிட்டும், காட்டுக் காளான்களை உப்பிலிட்டும் பீற்றர்ஸ்பேர்க்குக்கு அனுப்பிச் சிறு வாணிகம் செய்தனர். குடியானவர்கள் அறுவடை முடிந்ததும் தலைநகருக்கு நடந்து சென்று கூலிவேலை செய்து மீண்டனர். முன்னர் உலகம் கார்கோபொல் வழியாய்ச் சென்றது. இப்போது கார்கோபொல் மக்கள் உலகைத் தேடிச் செல்லலாயினர்.

அவ்வாறு சென்றவருள் ஒருவர் மிகத் தொலைவுக்குச் சென்றார். அலெக்சாந்தர் பராநொவ் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கார்கோபொலில் வணிகக் குடும்பமொன்றிலே பிறந்தவர். அவர் சொந்த ஊரிலே வாணிகம் தழைக்காமையால் மொஸ்கோவுக்கும், அங்கிருந்து சைபீரியாவுக்கும், 1790ஆம் ஆண்டிலே பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து அலாஸ்காவுக்குஞ் சென்றார். ருஷ்ய அமெரிக்கக் கம்பெனியின் தலைமை நிருவாகியாக அமர்ந்து, கடல்நீர்நாய்த் தோல் வாணிகத்தை நடத்தினார். அவ்வாணிகம் அலாஸ்காவின் ஆதிக்குடிகளுக்கு இழைத்த கொடுமைகளும் வரலாற்றில் மறைக்க முடியாதவை. 1818ஆம் ஆண்டிலே பதவியினின்றும் நீங்கித் தாயகம் திரும்பக் கப்பலேறினார். கப்பல் ஜாவாத் தீவை விட்டுச் சுந்தா நீரிணைக்கு அண்மையில் வந்தபோது, 1819ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே நோயால் இறந்தார். அவருடைய உடல் கடலிலே அடக்கஞ் செய்யப்பட்டது. பனிக்காட்டு வாவிக்கரையிலே பிறந்தவர் இந்து சமுத்திரத்தின் கீழ்வாயிலிலே கிடக்கின்றார்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே நகருக்கு மற்றுமோர் அடி விழுந்தது. வோலொக்டாவிலிருந்து ஆர்க்கேஞ்சல் துறைமுகத்துக்குப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டபோது, அது கார்கோபொலைத் தொடாது கிழக்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவிலே சென்றது. காட்டின் நடுவே நியாந்தொமா என்னும் புகையிரத நிலையம் தோன்றி, விரைவில் ஒரு நகரமாய் வளர்ந்தது. எழுநூற்றாண்டுப் பழமை வாய்ந்த கார்கோபொலோ நின்ற இடத்திலேயே நின்றது. இன்றும் கார்கோபொலுக்குப் புகையிரதம் கிடையாது. வெளியூரார் நியாந்தொமாவிலே இறங்கி, அங்கிருந்து தரைப்பாதையாலேயே வரவேண்டும்.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் எல்லைகள் பலமுறை மாற்றப்பட்டன. அதுவரை ஒலொனெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்திருந்த கார்கோபொல், 1919ஆம் ஆண்டிலே வோலொக்டாவோடு சேர்க்கப்பட்டது. 1929ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆந் திகதி இன்றைய மாவட்டம் நிறுவப்பட்டது. 1937ஆம் ஆண்டிலே ஆர்க்கேஞ்சல் மாகாணம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. 1930ஆம் ஆண்டுகளில் குடியானவரின் நிலங்களும் கால்நடைகளும் கூட்டுப் பண்ணைகளிற் சேர்க்கப்பட்டன. ஆலயங்கள் மூடப்பட்டன, சில களஞ்சியங்களாயின.

காட்டுமரம் அரசாங்கத்தின் பெருஞ் செல்வமாயிற்று. அம்மரத்தை வெட்டியவர் எல்லோரும் விரும்பி வந்த தொழிலாளர் அல்லர். 1937ஆம் ஆண்டிலே கார்கோபொலின் பெயரால் ஒரு கட்டாய உழைப்பு முகாம் அமைக்கப்பட்டது. அதன் தலைமையிடம் முதலிலே நகரிலிருந்து, சில ஆண்டுகளின் பின் தென்கிழக்கேயுள்ள யெர்த்செவோ என்னுமிடத்துக்கு மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான கைதிகள் அரைவயிற்று உணவோடு பனிக்காட்டிலே மரம் வெட்டினர். பலர் அங்கேயே மாண்டனர். 1940ஆம் ஆண்டு முதல் 1942ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அம்முகாமிலே அடைபட்டிருந்த போலந்து எழுத்தாளர் குஸ்தாவ் ஹெர்லிங், தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதினார். 1951ஆம் ஆண்டிலே அது வெளிவந்தபோது, கார்கோபொல் என்னும் பெயரை மேனாட்டார் பலர் முதன்முதலாக அறிந்தனர். உப்பு வணிகரின் நகரம் இவ்வாறு சிறைமுகாமின் பெயராலே உலகிற் பேசப்பட்டது எத்துணைக் கொடுமை!

போருக்குப் பின் வந்த ஆண்டுகளில் மரவெட்டுத் தொழிலும் பாற்பண்ணைகளும் மாவட்டத்தின் இரு தூண்களாய் இருந்தன. ஆனால் அத்திட்டங்களே சிற்றூர்களின் அழிவுக்கும் காரணமாயின. 1960ஆம், 1970ஆம் ஆண்டுகளில் ருஷ்ய நாட்டுப்புறத்திலுள்ள ஊர்களை அதிகாரிகள் இருவகையாய்ப் பிரித்தனர். ஒருவகை 'எதிர்காலமுள்ளவை', மற்றையவகை 'எதிர்காலமற்றவை'. பத்துப் பதினைந்து வீடுகளே கொண்ட சிற்றூர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையிலே விழுந்தன. அவ்வூர்களிலே பள்ளிக்கூடமோ, கடையோ, பாதையோ புதிதாய் அமையாது. பள்ளி மூடப்பட்டதும் பிள்ளைகளையுடைய பெற்றோர் முதலிலே ஊரை விட்டுப் பெயர்ந்தனர். பின்னர் இளைஞர் பெயர்ந்தனர். முதியோர் மட்டும் எஞ்சினர். ஓர் ஊரை அழிக்கப் போரோ பஞ்சமோ வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்தை மூடினாலே போதும் என்பதற்கு வடருஷ்யா ஒரு சான்று. 1991ஆம் ஆண்டிலே சோவியத் ஆட்சி வீழ்ந்தபின், நட்டத்தில் நடந்த பண்ணைகள் பல கலைந்தன; மரவெட்டு நிலையங்கள் ஆட்குறைப்புச் செய்தன. 1989ஆம் ஆண்டிலே 12,000க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த கார்கோபொல் நகரிலே, 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது 10,000 பேருக்குச் சற்று மேற்பட்டோரே இருந்தனர். மாவட்டம் முழுவதையும் சேர்த்தும் அவ்வாண்டிலே 18,000 பேருக்குச் சற்றே அதிகமாயினர். அதன்பின்னரும் தொகை குறைந்தே வருகின்றது.

இவ்வளவுந் தேய்ந்தபின் கார்கோபொலுக்கு இன்று பெயர் தருவது எது என்று வினவினால், விடை வியப்பைத் தரும். அது உப்புமன்று, மரமுமன்று. ஒரு சாண் உயரமுமில்லாத களிமண் பொம்மை. நகருக்கு அண்மையிலுள்ள கிரினேவோ முதலிய சிற்றூர்களிலே நெடுங்காலமாய்க் குயவர் வாழ்ந்தனர். அவர்கள் வயலில் வேலையில்லாத காலத்திலே பானை சட்டி வனைந்தனர். சூளையிலிருந்து செந்தணலாய் எடுத்த பானையை மாக்கரைசலிலே தோய்ப்பர். அக்கரைசல் சூட்டிலே கருகிக் களிமண்ணின் நுண்துளைகளை அடைத்து விடும். நீர் கசியாது, மேற்புறத்திலே கரும்புள்ளிகளும் அழகாய்ப் படியும். பானைக்குப் பிசைந்ததில் எஞ்சிய மண்ணைக் கொண்டு பிள்ளைகளுக்காகப் பொம்மை செய்தனர். கரடி, குதிரை, கையிலே பறவையை ஏந்திய பெண், மார்பிலே சூரியன் பொறித்த பாதி மனிதனும் பாதிக் குதிரையுமான 'பொல்கான்' ஆகியவை அவற்றுட் சில. சுண்ணாம்பு பூசி, புகைக்கரியாலும் நிறமண்ணாலுஞ் சூரிய வட்டங்களும் தானியக் கதிர்களும் தீட்டுவர். சந்தையிலே சில கொப்பெக் காசுக்கு விற்பர். பெரும் வணிகர் எவரும் இதனை ஒரு பொருளாக மதித்ததில்லை.

தொழிற்சாலையிலே செய்த இரும்பு, கண்ணாடிப் பாத்திரங்கள் வந்தபின் பானைக்கு விலையில்லாது போயிற்று, சூளைகள் அவிந்தன. சூளை அவியவே பொம்மையும் மறைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கலையைக் கைவிடாது செய்துவந்தவர் கிரினேவோ ஊரைச் சேர்ந்த ஊலியானா பாப்கினா என்னும் மூதாட்டி ஒருவரே எனலாம். 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே யூரி அர்பாட் என்னும் எழுத்தாளர் அவரைக் கண்டு அவரைப் பற்றி எழுதினார். அதன்பின்னர் பல நகரங்களிலிருந்தும் கலைஞரும் நூதனசாலையாரும் அம்மூதாட்டியின் மரவீட்டைத் தேடி வந்தனர். 1960ஆம் ஆண்டுகளின் இறுதியிலே நகரிலே கைத்தொழிற்கூடம் ஒன்று திறக்கப்பட்டு, இளையோர்க்கு அக்கலை கற்பிக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டிலே பாப்கினா இறந்தபோது, பொம்மை இறக்கவில்லை. இன்று கார்கோபொல் பொம்மை ருஷ்யாவெங்கும் அறியப்பட்டது. நகரிலே சிறுவர் அதனைச் செய்யப் பழகுகின்றனர்.

மாவட்டத்தின் மற்றொரு செல்வம் மரத்தாலான ஆலயங்கள். கோடரியையே முதற்கருவியாய்க் கொண்டு, பருத்த மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் கிராமத் தச்சர் கட்டியவை இவை. சவுனினோ என்னும் சிற்றூரிலே 1665ஆம் ஆண்டிலே கட்டிய ஆலயம் இன்னும் நிற்கின்றது. லியாதினி என்னும் ஊரிலே இரண்டு ஆலயங்களும் ஒரு மணிக்கோபுரமும் ஒன்றாய் நின்றன. இவ்வாறு மூன்றும் சேர்ந்து எஞ்சியிருந்த இடங்கள் வடநாட்டிலே மிகச் சிலவே. 2013ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மணிக்கோபுரத்தில் இடி விழுந்தது. கோபுரமும், 1761ஆம் ஆண்டிலே கட்டிய பெரிய ஆலயமும் எரிந்து சாம்பராயின. 1793ஆம் ஆண்டைச் சேர்ந்த இரண்டாவது ஆலயம் மட்டும் தப்பியது. இருநூற்றைம்பது ஆண்டு நின்றது ஓரிரவிலே மறைந்தது. மக்கள் நெருங்கி வாழாத ஊரிலே தீயை அணைக்கக் கைகள் எங்கே? இக்காலத்திலே, கோடைதோறும் பெருநகரங்களிலிருந்து தொண்டர்கள் வந்து, எஞ்சிய ஆலயங்களின் கூரைகளைப் பழுதுபார்க்கின்றனர்.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலே லெக்ஷ்மொசேரோ என்னும் வாவியைச் சூழ்ந்த காடும் சிற்றூர்களும், 1991ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட கேனொசேரோ தேசியப் பூங்காவைச் சேர்ந்தன. அங்கே ஒரு மேட்டின் ஒருபக்கத்து மழைநீர் வெண்கடலுக்கும், மறுபக்கத்து நீர் பால்டிக் கடலுக்கும் செல்லும். பூங்காவின் சிற்றாலயங்களிலே விதானம் முழுவதும் தேவதூதரையும் தீர்க்கதரிசிகளையும் தீட்டி, அதனை 'வானம்' என்று மக்கள் அழைக்கின்றனர். 2024ஆம் ஆண்டிலே புதுடில்லியிற் கூடிய உலக மரபுரிமைக் குழு, கேனொசேரோவின் பண்பாட்டு நிலக்காட்சியை உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக் கொண்டது. அரசனின் மாளிகையோ பெருங்கோட்டையோ அன்றி, குடியானவர் உழுத வயலும், வழிபட்ட தோப்பும், கட்டிய சிற்றாலயமும் ஒருங்கே மதிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

பூங்காவுக்கும் பொம்மைக்கும் பேராலயத்துக்குமாக வரும் பிரயாணிகள் தரும் வருவாய் இன்று மாவட்டத்துக்கு ஓர் ஆதரவு. மரவெட்டும் பாற்பண்ணையும் இன்னும் நடைபெறுகின்றன. லாச்சாவிலே மீன்பிடியும் உண்டு. ஆயினும், பிரயாணிகள் கோடையில் வருவர், கோடை முடியச் செல்வர். நெடிய குளிர்காலத்திலே அடுப்பெரித்து, பாதையிலே பனி வாரி, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்கு ஊரிலே குடும்பங்கள் வேண்டும். வயல் உழப்படாவிட்டால் சில ஆண்டுகளிலே அங்கே பைனும் பேர்ச்சும் முளைத்துவிடும். மரபுரிமை என்று எழுதிவைத்த நிலக்காட்சி காடாகிவிடும். அங்குள்ள ஆசிரியரும் நூதனசாலையாரும் பூங்கா அலுவலரும் பழைய பொருள்களைக் காப்பதோடு நில்லாமல், ஊரிலே வேலையும் பள்ளியும் நிலைக்கவேண்டும் என்று முயல்வது இதனாலேயாம்.

உப்பு வழி மாறியது; கடல்வழி மாறியது; புகையிரதம் விலகிச் சென்றது. மூன்றும் தொலைவிலிருந்த வேறு எவரோ தீர்மானித்தவை; கார்கோபொல் மக்களை எவருங் கேட்கவில்லை. மக்கள் தம் கையாற் செய்தவையே அவர்களுக்கு எஞ்சின. ஆற்றங்கரையிலே பேராலயத்தின் பக்கத்தில் மணிக்கோபுரம் இன்றும் நிற்கின்றது. அதன் சிலுவை பீற்றர்ஸ்பேர்க் பாதையை நோக்கியபடியே இருக்கின்றது.